மாதுளை முத்தும் ஐஸ் பெட்டியும்

"ஃபிரிட்ஜில் வைத்த பழம் செத்த பழம்." காலையில் கடற்கரையில் நடந்துவிட்டு காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்காரும் எங்கள் கூட்டத்தில், மாதம் ஒரு தடவையாவது யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். சொல்பவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம், மின்துறையில் வேலை பார்த்தவராக இருக்கலாம். சொல்லும் தொனி மட்டும் ஒன்றுதான்; மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு. எல்லோரும் தலையாட்டுவோம். பிறகு வீட்டுக்குப் போய், மூன்று நாளாக ஃபிரிட்ஜில் இருந்த மாவில் வார்த்த இட்லியைச் சாப்பிடுவோம்.

எல்லாப் பழத்துக்கும் நான் வாதாட வரவில்லை. மாதுளைக்கு மட்டும் பேசுகிறேன். நம் வயதுக்காரர்கள் வீட்டில் மாத்திரைக்கு அடுத்தபடி யோசிக்காமல் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிப் போன காலம் போய், இப்போது இரண்டு மாதுளம்பழம் வாங்கிப் போகிறோம். போதாததற்கு இப்போது கடைகளில் உரித்து உதிர்த்த முத்துக்களையே பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். வாங்கலாமா, கூடாதா, அதில் சத்து இருக்குமா, இருக்காதா என்று வீட்டுக்கு வீடு விவாதம்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிரால் மாதுளைக்கு வரும் நஷ்டம் நாம் பயப்படும் அளவுக்குப் பெரியதில்லை. பழத்தின் தோலைத் திறந்த நேரத்திலிருந்துதான் கணக்கு ஓட ஆரம்பிக்கிறது. ஃபிரிட்ஜ் அந்தக் கணக்கை மெதுவாக ஓட வைக்கிறது, அவ்வளவே. அதற்குப் போய் கொலைப் பழி சுமத்துவது நியாயம் இல்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் காலத்துத் தொடக்கப் பள்ளியில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருள் பாடம் என்று சொல்லலாம். மெழுகுவர்த்தி, அவரைக்கொட்டை, உப்புக்கல் என்று ஏதாவது ஒன்றை மேசைமேல் வைத்து, பார், தொடு, முகர்ந்து பார், பிறகு வாயைத் திற என்பார்கள். பார்க்காத ஒன்றைப் பற்றிப் பேசக்கூடாது என்ற பழக்கம் அதில் வந்தது. மாதுளைக்கு பிரெஞ்சில் 'கிரெனாத்' என்று பெயர். கையெறி குண்டுக்கும் அதே பெயர்தான். பழத்தைப் பார்த்துத்தான் குண்டுக்குப் பெயர் வைத்தார்கள். எங்கள் தெருவில் இந்தோசீனாவில் இருந்துவிட்டு வந்த ஒரு சொல்தா இருந்தார். அவரிடம் போய் கிரெனாத் என்றால் அவருக்குப் பழம் ஞாபகம் வராது.

அந்தப் பள்ளிக்கூடத்து முறைப்படி ஒரு மாதுளையைக் கையில் எடுத்துக்கொள்வோம். வெளியே தடித்த தோல். உள்ளே வெள்ளைச் சவ்வால் அறை அறையாகத் தடுப்பு. ஒவ்வொரு அறையிலும் முத்துக்கள் நெருக்கி அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மாம்பழத்தில் நாம் தின்பது கொட்டையைச் சுற்றிய சதை. மாதுளையில் அப்படித் தனியாகச் சதை கிடையாது. ஒவ்வொரு விதையின் மேலுறையே சாறு நிறைந்த சின்னப் பையாகி இருக்கிறது. அந்தப் பையின் தோல் மெல்லியது. நகம் பட்டால் கிழியும். இத்தனை மெல்லிய பைகளை இத்தனை கனமான தோலுக்குள் வைத்திருப்பதிலேயே விஷயம் விளங்கிவிடுகிறது. பழத்தின் சேமிப்புக் கிடங்கு அதன் தோல்தான்.

மாதுளைக்கு இன்னொரு குணம். வாழை, மாம்பழம் போல இது பறித்த பிறகு பழுக்காது. மரத்தில் எவ்வளவு பழுத்ததோ அவ்வளவுதான். அதனால் உள்ளே பெரிய பரபரப்பு நடப்பதில்லை. ஆனாலும் பறித்த பழம் உயிருள்ள பொருள்தான், மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். மூச்சு விடுவது என்றால் தன் சர்க்கரையையும் அமிலத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்வது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இந்தச் செலவு பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறைந்துவிடும். 'செத்த பழம்' என்கிறோமே, உண்மையில் குளிரில் வைத்த பழம் தூங்குகிற பழம். நம் ஊர் சித்திரை வெயிலில் தள்ளுவண்டியில் கிடப்பதுதான் சீக்கிரம் சாகிறது.

நமக்கு வரும் மாதுளையில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்துச் சரக்கு. சோலாப்பூர் பக்கம் அதற்குப் பேர்போனது. மத்திய அரசின் மாதுளை ஆராய்ச்சி மையமும் அங்கேதான் இருக்கிறது. கடைக்காரர் 'பக்வா' என்று சொல்வது அந்தப் பக்கத்து ரகம், காவி கலந்த சிவப்பு என்று பொருள். இந்த மாதிரிப் பழங்களைக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கும்போது சுமார் 5 முதல் 7 டிகிரி வரைக்கும், காற்றில் ஈரம் 90 சதவீதத்துக்கு மேலும் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். அதற்கும் கீழே குளிரைக் கூட்டினால் இன்னும் நாள் தாங்கும் என்று நினைப்போம். நடப்பது வேறு. 5 டிகிரிக்குக் கீழே ஒரு மாதத்துக்கு மேல் வைத்த மாதுளைக்குக் குளிர் அடிபட்டுவிடும். வெளியே எடுத்த சில நாளில் தோல் பழுப்பாகும், குழி விழும், உள்ளே சவ்வு கருகும், முத்து வெளிறும். வீட்டு ஃபிரிட்ஜில் பத்து நாள், பதினைந்து நாள் வைப்பதற்கு இந்தப் பயம் வேண்டாம்.

தோல் காய்ந்து சுருங்கிய பழத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. தோல் தண்ணீரை இழந்து கட்டியாகிவிட்டது என்பதற்கு மேல் அதில் குற்றம் இல்லை. உள்ளே முத்து பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எங்கள் பெரிய மார்க்கெட்டில் மதியத்துக்கு மேல் இந்த மாதிரிப் பழங்களைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நான் அவற்றைத்தான் வாங்குகிறேன். அழுகல் மட்டும் இருக்கக்கூடாது. காம்புக்கு எதிர்ப்பக்கம் கிரீடம் மாதிரி இருக்கிறதே, அதற்குள் பூஞ்சை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து வாங்க வேண்டும். பல பழம் அங்கேதான் முதலில் கெடும்.

சரி, சத்துக்கு வருவோம். முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசாங்கக் கோப்புகளைக் கட்டி அழுதவன் நான். வரவு என்ன என்று தெரியாமல் நஷ்டக் கணக்குப் பேசுவது எனக்குப் பிடிக்காது. நூறு கிராம் மாதுளை முத்தில் சுமார் 83 கலோரி. சர்க்கரை 13, 14 கிராம். நார்ச்சத்து 4 கிராம், அதுவும் அந்த விதையை மென்று விழுங்கினால்தான். பொட்டாசியம் 236 மில்லிகிராம். வைட்டமின் சி 10 மில்லிகிராம். இரும்பு 0.3 மில்லிகிராம். இது அமெரிக்க விவசாயத் துறையின் அட்டவணைக் கணக்கு. ரகத்துக்கு ரகம் கொஞ்சம் ஏறும் இறங்கும்.

இதில் குளிர்பெட்டி எதைத் தொடும்? சர்க்கரை எங்கேயும் போகாது. நீரிழிவுக்காரர்கள் ஏமாற வேண்டாம். நார்ச்சத்தும் போகாது. பொட்டாசியமும் இரும்பும் தாது உப்புகள், குளிரால் அழியாது. முத்து உடைந்து சாறு வடிந்தால் சாற்றோடு டப்பாவின் அடியில் நிற்கும், அவ்வளவே. அந்தச் சாற்றைக் கீழே கொட்டாமல் குடித்தால் அதுவும் நஷ்டம் இல்லை. உண்மையாகவே நாளாக ஆகக் குறைவது வைட்டமின் சி. அது காற்றுப் பட்டால் நிற்காத சரக்கு. முழுப் பழத்துக்குள் மெதுவாகக் குறையும். உதிர்த்த முத்தில் வேகமாகக் குறையும். குளிரில் வைத்தால் அந்த வேகம் மட்டுப்படும்.

எவ்வளவு குறையும் என்று கேட்பீர்கள். பாதியே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 10 மில்லிகிராமில் 5 போயிற்று. ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம் வேண்டும் என்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதில் இந்த 5 எந்த மூலைக்கு? அதே நூறு கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. வைட்டமின் சி வேண்டுமென்றால் கொய்யா வாங்க வேண்டும், அது பாதி விலைக்கும் கிடைக்கும். மாதுளையை ஃபிரிட்ஜில் வைத்ததால் வைட்டமின் சி போயிற்று என்று சண்டை போடுவது, தபால்தலைக் கணக்கில் ஐந்து ரூபாய் குறைகிறது என்று கஜானாவையே பூட்டச் சொல்வது போல.

நிறத்துக்கு வருகிறேன். முத்தின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருகிறது. நாவல்பழத்தின் ஊதாவுக்கும் அதே குடும்பம்தான் காரணம். உடம்புக்கு நல்லது என்று சொல்கிறார்கள். வெப்பம், வெளிச்சம், காற்று மூன்றும் அதற்கு எதிரி. குளிர் அதற்கு நண்பன். குளிர்கிடங்கில் வைத்த முழு மாதுளையில் முதல் சில வாரங்களில் சிவப்பு கூடுவதைக்கூட ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். செத்த பழம் எப்படி நிறம் கூட்டும்? நடை முடித்து உட்காரும் நண்பர்களிடம் இதைக் கேட்டேன். "அது ஏதாவது மருந்து அடிச்சிருப்பான்" என்று முடித்துவிட்டார்கள்.

மாதுளையின் பெருமையாக விளம்பரங்களில் வரும் இன்னொரு பொருள் புனிகலாஜின். அது பெரும்பாலும் தோலிலும் அந்தக் கசக்கும் வெள்ளைச் சவ்விலும்தான் இருக்கிறது. அதை நாம் கவனமாக நீக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, முத்தை டப்பாவில் போட்டு, டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்து, சத்து போயிற்றே என்று வருத்தப்படுகிறோம்.

இதெல்லாம் ஒரு கிழவனின் பொழுதுபோக்குக் கணக்கு என்று நீங்கள் நினைக்கலாம். நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

முத்தியால்பேட்டையில் என் அக்கா இருக்கிறார். 79 வயது. போன வருடம் அவருக்கு ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்கா பத்து நாள் சாப்பிட்டார். வயிறு கட்டிக்கொள்கிறது என்று நிறுத்திவிட்டார். "மாதுளம்பழம் சாப்பிட்டா ரத்தம் ஊறும், எதுக்கு மாத்திரை?" என்றார். பையனும் சரி என்றான். மருமகள் வங்கியில் வேலை பார்க்கும் பெண். காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழு. தினம் உட்கார்ந்து மாதுளை உதிர்க்க அவளுக்கு நேரம் ஏது? சனிக்கிழமை டப்பாவில் அடைத்த முத்தாக வாங்கி வந்து, ஃபிரிட்ஜில் வைத்து, தினம் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டுப் போனாள். கொடுக்காமல் ஒரு நாளும் போகவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 8.1. ஏறவில்லை, இறங்கியிருக்கிறது.

அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அக்கா என்னிடம் சொன்னது இது: "பாரு தம்பி, ஐஸ் பொட்டில வெச்சு வெச்சு குடுக்கறா. அதுல எங்கேருந்து சத்து வரும்? எங்க மாமியாருக்கு நான் அன்னன்னிக்கு உரிச்சுக் குடுத்தேன்." மருமகள் சமையலறையில் இருந்தாள். காதில் விழாமல் இருக்க வழியில்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து மாதுளை உதிர்க்க ஆரம்பித்துவிட்டாள் என்று பிற்பாடு தெரிந்தது.

அன்றைக்கே நான் கூட்டல் போட்டுக் காட்டினேன். நூறு கிராம் முத்தில் இரும்பு 0.3 மில்லிகிராம். வயது வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் என்கிறது அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துப் பரிந்துரை. மாதுளையிலிருந்தே அதை எடுக்க வேண்டுமென்றால் தினம் ஆறு கிலோ முத்து தின்ன வேண்டும். நம் நாட்டுப் பழைய அட்டவணைகளில் மாதுளைக்கு இரும்பு இதைவிடக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டாலும் ஒரு கிலோவுக்குக் குறையாது. இத்தனைக்கும் அது இரத்தக் குறைவு இல்லாத ஆளுக்குச் சொன்ன அளவு. அன்றன்றைக்கு உதிர்த்தால் என்ன, ஐந்து நாள் டப்பாவில் இருந்தால் என்ன, இல்லாத சரக்கை ஃபிரிட்ஜ் எப்படித் திருடும்? பழம் சிவப்பாக இருக்கிறது, இரத்தமும் சிவப்பாக இருக்கிறது. இந்த ஒற்றுமையைத் தவிர வேறு ஆதாரம் இந்த நம்பிக்கைக்கு இல்லை. இரத்தச் சிவப்பு இரும்பால் வருவது. மாதுளைச் சிவப்பு, முன்னே சொன்ன நாவல்பழத்து உறவு.

அக்கா சமாதானம் ஆகவில்லை. ஆனால் டாக்டரிடம் திரும்பப் போக ஒப்புக்கொண்டார். இந்தத் தடவை டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது. முட்டி வலிக்கு மருந்துக்கடையில் சொந்தமாக வாங்கி, ஏழெட்டு மாதமாகத் தினம் இரண்டு வலி மாத்திரை. மலம் கறுப்பாகப் போவதையும் அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அப்படிப் போவது வழக்கம்தான். ஆனால் அவர் அதை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தக் கசிவு. மூன்று மாதமாக வீட்டில் டப்பா முத்தா, உதிர்த்த முத்தா என்று பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தபோது உள்ளே இரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

வலி மாத்திரை நின்றது. புண்ணுக்கு மருந்து, வேறு மாதிரி இரும்பு மருந்து. இப்போது 11க்கு மேல் இருக்கிறது.

ஆகவே என் கட்சி இது: 'ஃபிரிட்ஜில் சத்து போய்விடும்' என்ற பேச்சு வெறும் கிழட்டுப் பேச்சாக நின்றால் பரவாயில்லை. அது ஒரு வீட்டில் ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்கியது, நோயை மூன்று மாதம் மறைத்து வைத்தது. இரத்தசோகை என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். நம் வயதில் இரத்தம் குறைவதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடுகிற வேலையை மாதுளம்பழம் செய்யாது, அது எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

குளிருக்கு வக்காலத்து வாங்கினேன் என்பதற்காக டப்பாவுக்கும் வக்காலத்து வாங்குவதாக நினைத்துவிடாதீர்கள். அதில் எனக்கு வேறு புகார் உண்டு.

தோல் போனபின் முத்துக்குக் காவல் இல்லை. உரிக்கும்போதே நூற்றில் சில முத்து கீறுபடும். அதன் சாறு மற்ற முத்துமேல் வழியும். சர்க்கரையும் ஈரமும் சேர்ந்த இடம் ஈஸ்டுக்கும் பூஞ்சைக்கும் விருந்துச் சாப்பாடு. மாதுளை புளிப்புப் பழம் என்பதால் பல கிருமிகள் அதில் சுலபத்தில் பெருகாது. ஈஸ்டுக்குப் புளிப்பு ஒரு பொருட்டே இல்லை. டப்பாவைத் திறந்ததும் லேசாகக் கள் வாடை வருகிறதென்றால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முறையாகச் செய்கிறவர்கள் கிருமிநாசினி கலந்த நீரில் கழுவி, வடித்து, காற்றின் அளவை மாற்றி அடைத்து, தொழிற்சாலையிலிருந்து கடை வரைக்கும் 5 டிகிரிக்குக் கீழேயே கொண்டு வருவார்கள். அப்படிச் செய்தால் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போயிற்று. லாரியில் மூன்று மணி நேரம், கடை வாசலில் இறக்கி வைத்து ஒரு மணி நேரம், ராத்திரியில் மின்சாரம் போய் இரண்டு மணி நேரம். முத்து பார்வைக்கு அப்படியேதான் இருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம், உரித்த கை. 2013இல் அமெரிக்காவில் உறைய வைத்த பழக் கலவை ஒன்றைச் சாப்பிட்டு நூற்றைம்பது பேருக்கு மேல் ஹெபடைடிஸ் ஏ வந்தது. மஞ்சள் காமாலை கொண்டுவரும் வைரஸ் அது. தேடிப் போனதில் அந்தக் கலவையில் இருந்த, துருக்கியிலிருந்து வந்த மாதுளை முத்தில் போய் நின்றது. 2018இல் ஆஸ்திரேலியாவிலும் உறைய வைத்த மாதுளை முத்தால் அதே நோய். அந்தச் சரக்கு எகிப்திலிருந்து வந்தது. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். குளிர் பழத்தை எப்படிக் காப்பாற்றுகிறதோ அதே மாதிரி வைரஸையும் காப்பாற்றும். முழுப் பழத்தில் இந்தத் தொல்லை இல்லை. தோலைக் கழுவிவிட்டு, கத்தியையும் கையையும் கழுவிக்கொண்டு உரித்தால், உள்ளே இருப்பதை நமக்கு முன்னால் யாரும் தொட்டதில்லை.

பாரீசில் இருக்கும் என் மகள் டப்பா முத்துதான் வாங்குகிறாள். அங்கே அதில் உண்ண வேண்டிய கடைசித் தேதி போட்டிருக்கும். தேதி தாண்டினால் கடைக்காரனே எடுத்துவிடுவான். இங்கேயும் முறையான நிறுவனங்கள் தேதி போடுகின்றன. என் புகார் அவர்கள்மேல் இல்லை. பழக்கடையில் தெர்மகோல் தட்டில் முத்தைக் கொட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் காகிதம் இழுத்துவிட்டு, கல்லாப் பக்கத்தில் அடுக்கி வைக்கிறார்களே, அதில் தேதியும் கிடையாது, ஊரும் கிடையாது. கெட ஆரம்பித்த பழத்தில் நல்ல பாதியை உதிர்த்துத் தட்டில் போடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். எங்கள் பக்கத்துக் கடைக்காரரிடம் எப்போது உதிர்த்தது என்று கேட்டேன். "இப்பத்தான் சார்" என்றார். காலை ஒன்பது மணிக்கும் இப்பத்தான், சாயங்காலம் ஆறு மணிக்கும் இப்பத்தான்.

அரசாங்கத்தில் தேதி போடாத காகிதத்தை நாங்கள் வாங்க மாட்டோம். தட்டின்மேல் உதிர்த்த நாளையும் நேரத்தையும் எழுதச் சொல்லி உணவுப் பாதுகாப்புத் துறை ஒரு உத்தரவு போட்டு, அதை நாலு கடையில் நடந்து போய்ப் பார்த்தால் போதும். மார்க்கர் பேனா ஒன்றுதான் செலவு.

நம் நாட்டில் டப்பாவுக்கு அவசரமே இல்லை என்பதும் ஒரு விஷயம். ஐரோப்பாவில் மாதுளை இலையுதிர் காலத்துப் பழம். வருடத்தில் சில மாதம் வரும், போய்விடும். நம் மகாராஷ்டிரத்து விவசாயிகள் மரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் கொடுத்து, எப்போது பூக்க வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். அம்பே பஹார், மிருக் பஹார், ஹஸ்த பஹார் என்று மூன்று பூப்பருவம்: தை மாசியில் ஒன்று, ஆனி ஆடியில் ஒன்று, புரட்டாசி ஐப்பசியில் ஒன்று. ஆக வருடம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். முழுப் பழம் எப்போதும் கிடைக்கிற நாட்டில், தோலை உரித்துக் காவலை நீக்கிவிட்டு, பிறகு அதைக் காப்பாற்ற மின்சாரம் செலவழிப்பது எனக்கு விளங்கவில்லை. வேலைக்குப் போகிற பெண்களின் நேரத்தை மிச்சம் பிடிக்கிறது என்பது ஒன்றே அதற்கு நியாயம். அது பெரிய நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் பென்ஷன் வாங்கிக்கொண்டு பகல் முழுக்க செய்தித்தாள் படிக்கும் ஒருவர் இருந்தால், உதிர்க்கிற வேலையை அவர் எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொண்டவர்களுக்கு என் முறை. கிரீடத்தைச் சுற்றிக் கத்தியால் மேலாகக் கீறி, மூடி மாதிரித் தூக்கி எடுத்துவிட வேண்டும். உள்ளே சவ்வுத் தடுப்புகள் கோடு கோடாகத் தெரியும். அந்தக் கோடுகளின்மேல் வெளித்தோலை மட்டும் மேலிருந்து கீழாகக் கீறி, கையால் பிளந்தால் பூ மாதிரி விரியும். அதை ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் கட்டை விரலால் தள்ளினால் முத்து கீழே இறங்கும், சவ்வு மிதக்கும். சட்டையில் கறை படாது. விரல் வீங்கிய கைக்கும் வலிக்காது. தண்ணீரில் ஊற விடாமல் உடனே வடித்துவிட வேண்டும். ஈரம் போகத் துடைத்து, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வையுங்கள். கதவுப் பக்கம் திறக்கும்போதெல்லாம் சூடேறும். மூன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள். முழுப் பழமானால் கீழே காய்கறித் தட்டில் இரண்டு வாரம் பயமில்லாமல் இருக்கும்.

ஃப்ரீசரில் வைக்கலாமா என்று என் மனைவி கேட்கிறாள். வைக்கலாம்; நிறமும் சத்தும் பெரிதாகப் போகாது. ஆனால் உள்ளே இருக்கும் சாறு பனிக்கட்டியாகி அந்த மெல்லிய பையைக் கிழித்துவிடும். வெளியே எடுத்தால் கொழகொழவென்று ஆகிவிடும். தயிர்சாதத்தின்மேல் தூவ அது உதவாது, சாறு பிழியத்தான் சரி.

சிறுநீரகக் கோளாறு என்று டாக்டர் பொட்டாசியம் குறைக்கச் சொன்னவர்கள், மாதுளை முழுப் பழமா டப்பாவா என்று யோசிக்கும் முன் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டில் மருமகள் இப்போது ஐந்து மணிக்கு எழுவதில்லை. ஞாயிறும் புதனும் பையன்தான் உதிர்க்கிறான். அக்கா இன்னும் டப்பா முத்தைத் தொட மாட்டேன் என்கிறார். மருமகள் வாங்கி வந்தால் அதை அவளே அலுவலகத்துக்கு எடுத்துப் போய்ச் சாப்பிடுகிறாளாம்.